"எரியுதுதானே" எண்டா போதுமா?

ஹோலுக்கு சீலிங் அடிச்சு, சுத்திவர எல்இடி ஸ்ட்ரிப் போடுறது இப்போ ஊருல சாதாரணம். கல்யாணம், பெருநாள் எண்டு வந்தா இன்னும் ரெண்டு ரோல் வாங்கி, இருக்கிற டிரைவர்லயே கொழுவி விடுறோம். எரிஞ்சா சரி எண்டு நினைக்கிறோம். எனக்கு இதில உடன்பாடு இல்ல.

டிரைவர்ட லேபலை ஒருக்கா வாசிங்க. 12 வோல்ட், 5 ஆம்பியர் எண்டா 60 வாட். அதிலயும் 48 வாட்டோட நிப்பாட்டுறதுதான் நல்லம். மீட்டருக்கு 4.8 வாட் எடுக்கிற ஸ்ட்ரிப்பெண்டா 5 மீட்டர் ரோல் ரெண்டு தாங்கும். 14.4 வாட் ஸ்ட்ரிப்பெண்டா ஒரு ரோலே 72 வாட்! நம்மட ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் செய்யிற கணக்கு இது.

பேனல் லைட்டோட வாற டிரைவர் வேற வகை. அதில 300 மில்லிஆம்பியர் எண்டு கரண்டைத்தான் போட்டிருக்கும். பக்கத்தில இன்னொரு லைட்டைப் பிரிச்சுக் கொழுவினா ரெண்டும் மங்கும். ஒண்டு போனா முழுக் கரண்டும் மத்ததுக்குப் போகும். அதில கை வைக்கவே வேணாம்.

"ட்ரிப் சுவிட்ச் இருக்கே" எண்டு சொல்ற நானாமாருக்கு: அது பார்க்கிறது கரண்ட் ஒழுகுறதை, பாரத்தை இல்ல. பாரத்தைப் பார்க்கிற பிரேக்கருக்கும் இது விளங்காது. ரெண்டு ரோல் கூடப் போட்டாலும் 230 வோல்ட் பக்கம் ரெண்டு ஆம்பியர் வராது. சூடெல்லாம் சீலிங்குக்குள்ள, பலகைக்குப் பக்கத்தில. கீழ பிள்ளைகள் படுக்குது.

புது லைட்டுக்குப் புது டிரைவர் போடுங்க. வயரிங் தெரிஞ்ச ஆளையே கூப்பிடுங்க. சீலிங்குக்கு லட்சக்கணக்கில கொட்டிட்டு டிரைவர்ல மிச்சம் பிடிக்கிறது ஏனெண்டுதான் எனக்கு விளங்கல்ல.