கவர் பாட்டு பாடினால் என்ன குத்தம்?

நாங்கள் இருப்பது டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம். போன பொங்கலுக்கு நம்ம குடும்பங்கள் சேர்ந்து ஹால் எடுத்து, பொங்கல் வைத்து (எலக்ட்ரிக் குக்கரில்தான்!), பிள்ளைகளை மேடையேற்றினோம். என் மகள் கிடாரோடு போய் ஒரு பழைய எம்.எஸ்.வி. பாட்டை நிதானமாக, தன் பாணியில் பாடினாள். முடித்ததும் ஒரு பெரியவர் மைக்கை வாங்கி, "ஒரிஜினலைக் கெடுக்காமப் பாடப் பழகும்மா" என்றார். கூட்டம் சிரித்தது. அன்றைக்கு உறைக்குள் போன கிடார் இன்னும் வெளியே வரவில்லை.

அன்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

எனக்குக் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு ஜில்லாதான், ஆனால் வீட்டிலும் கடையிலும் தமிழ். தங்கமணிக்கு மூணாறு எஸ்டேட். எங்கள் இரண்டு பேருக்கும் பாட்டு வந்து சேர்ந்ததே கவராகத்தான். கோயில் திருவிழாவுக்கு மெல்லிசைக் குழு வரும். மேடையில் பாடினது டி.எம்.எஸ்.ஸும் இல்லை, சுசீலாவும் இல்லை. யாரோ ஒரு அண்ணன், யாரோ ஒரு அக்கா. விடிய விடியக் கேட்டோம். அப்போது ஒரு ஆள் 'ஒரிஜினல்' என்று வாய் திறக்கவில்லை.

சினிமாப் பாட்டை விடுங்கள். எங்க ஜில்லாவின் செம்பை வைத்தியநாத பாகவதர் (1896-1974) என்றாலே 'வாதாபி கணபதிம்' ஞாபகம் வரும். அது முத்துசுவாமி தீட்சிதர் கிருதி. தீட்சிதர் 1835-லேயே காலமாகிவிட்டார். அவர் குரலில் ரிக்கார்டு ஏது? அப்போ ஒரிஜினல் எங்கே இருக்கு ஐயா? கச்சேரி பூராவும் கவர்தானே!

ஷொரணூர்க்காரர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் தன் 'அகம்' பேண்டோடு அதே தீட்சிதரின் 'ரங்கபுர விஹார'வை கிடார், டிரம்ஸ் வைத்துப் பாடுகிறார். எனக்கு ரொம்பப் பிடித்த கவர் அது. அவரையும் 'பாட்டைக் கொலை பண்றார்' என்று திட்டுகிறார்கள். 2013-ல் தைக்குடம் பிரிட்ஜ் பழைய பாட்டுக்களைக் கோர்த்து 'நாஸ்டால்ஜியா' பாடியது. அந்தக் குழுவின் கோவிந்த் வசந்தாதான் 2018-ல் '96' படத்துக்கு இசையமைத்தார். அடுத்தவர் பாட்டைப் பாடிப் பழகியவரிடமிருந்துதான் புதுப் பாட்டும் வருகிறது.

இங்கே ஜப்பானில் தொகுநாகா ஹிதேயாகி என்ற பாடகர், பெண்கள் பாடிப் பிரபலமான பாட்டுக்களைத் தன் குரலில் பாடி 2005-ல் 'வோகலிஸ்ட்' என்று ஆல்பமே போட்டார். அது வரிசையாகத் தொடர்ந்தும் வந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் கறார். கரோக்கியில் பாட்டு ஆரம்பிக்கும்போதே எழுதியவர் பேரும் மெட்டுப் போட்டவர் பேரும் திரையில் வரும். நாம் அதைச் செய்கிறோமா? அட்டப்பாடி நஞ்சம்மா 'அய்யப்பனும் கோஷியும்' (2020) படத்தில் எழுதிப் பாடிய பாட்டு, இருளர் மொழிப் பாட்டு. 2022-ல் தேசிய விருது அறிவித்தார்கள். அதைப் பாடுகிற நம்ம பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த அம்மா பேரும் மொழியும் தெரியும்? நம் காப்பிரைட் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 31சி பிரிவும், கவர் ரிக்கார்டு போட்டால் ராயல்டி கட்டணும், அது கவர் என்று மேலேயே தெரியப்படுத்தணும் என்கிறது.

நான் பேங்கில் குப்பை கொட்டுகிறவன். செக் எத்தனை கை வேண்டுமானாலும் மாறலாம். முதலில் எழுதியவர் கையெழுத்து அதில் இருக்கணும். அவ்வளவுதான். அன்று என் மகள் எம்.எஸ்.வி. பேரைச் சொல்லாமல்தான் ஆரம்பித்தாள். அந்தத் தப்பு என்னுடையது, நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் எலப்புள்ளியில், எங்க ஊருக்குப் பக்கத்தில், 1928-ல் பிறந்தவர் என்று இப்போதுதான் சொன்னேன். "நம்ம ஊரா?" என்று கண்ணை விரித்தாள்.

பெரியவரே, தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளை அது. அந்தப் பாட்டுக்காகப் பதினைந்து நாள் வரி வரியாக என்னிடம் அர்த்தம் கேட்டது. வேறு எதற்கும் அது என்னிடம் இத்தனை தமிழ் பேசியதில்லை. நீங்கள் காப்பாற்ற நினைத்த ஒரிஜினல் ரிக்கார்டில் பத்திரமாகத்தான் இருக்கிறது. கெட்டது எது என்று கொஞ்சம் யோசியுங்கள்.