கலங்கல் கடலுக்கு யார் இறங்குவது?

ஸ்கூபா டைவிங் என்றாலே பலருக்கு அந்தமானும் மாலத்தீவும்தான் ஞாபகம் வரும். பளிங்கு மாதிரி தண்ணீர், கலர் கலராக மீன்கள், கட்டைவிரலை உயர்த்தி ஒரு போட்டோ. (டைவிங் சைகையில் கட்டைவிரலை உயர்த்தினால் "மேலே போகலாம்" என்று அர்த்தம். "நன்றாக இருக்கிறேன்" என்பதற்கு விரல்களை வளையமாக்கிக் காட்ட வேண்டும். போட்டோவுக்கு நிற்பவர்கள் பாவம், அதையெல்லாம் எங்கே பார்க்கிறார்கள் :-))

ஆனால் இந்தப் பொழுதுபோக்கிலிருந்து உருப்படியான வேலையும் பிறந்திருக்கிறது. புதுச்சேரியில் டெம்பிள் அட்வென்ச்சர்ஸ் என்ற டைவிங் மையத்தைச் சேர்ந்தவர்கள் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தார்கள். வெறும் மணலாகக் கிடந்த இடத்தில் மீன்கள் வந்து தங்க ஆரம்பித்தன. சென்னை, புதுச்சேரி டைவர்கள் கடலடிக் குப்பையை அள்ளுகிறார்கள், பேய்வலைகளை அறுத்து மேலே கொண்டு வருகிறார்கள். பேய்வலை என்பது படகிலிருந்து அறுந்து தொலைந்துபோன நைலான் வலை. அதற்குச் சொந்தக்காரர் கிடையாது, ஆனால் மீன் பிடிப்பதை மட்டும் அது நிறுத்தாது. மீன், நண்டு, ஆமை என்று எது வந்தாலும் மாட்டிக்கொண்டு சாகும். நைலான் மட்குவதும் இல்லை. அதை எடுப்பது சும்மா கத்தியோடு குதிக்கிற வேலையும் இல்லை. அறுக்கிறவரின் துடுப்பும் குழாயுமே வலையில் சிக்கிக்கொள்ளக்கூடும். நனைந்த வலையின் கனத்தைத் தூக்க காற்றுப்பை கட்ட வேண்டும். இதைச் செய்பவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

சரி, இதில் கும்மிடிப்பூண்டி எங்கே வந்தது?

டைவர்கள் இயல்பாகவே தண்ணீர் தெளிவாக இருக்கும் இடத்துக்குத்தான் போவார்கள். காசு கொடுத்துப் பழக வருபவருக்கு ஏதாவது தெரிய வேண்டுமே! திருவள்ளூர் மாவட்டக் கடல் அப்படிப்பட்டது இல்லை. கொசஸ்தலையாறு எண்ணூர் முகத்துவாரத்தில் கலக்கிறது, ஆரணியாறு பழவேற்காடு ஏரியில் விழுகிறது. இந்தக் கரையோரத் தண்ணீர் பெரும்பாலும் கலங்கல். கூடவே எண்ணூரில் 2001ல் திறக்கப்பட்ட துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், அனல் மின் நிலையங்கள், கொஞ்சம் உள்ளே தள்ளி கும்மிடிப்பூண்டி சிப்காட். ஆக, டைவர்களின் கண் அதிகம் தேவைப்படும் கடலில்தான் அது குறைவாகப் படுகிறது.

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. மாணவர்களும் மீனவர்களும் பக்கெட்டால் கரும்பிசினை அள்ளிய படங்கள் நாடு முழுக்கப் பரவின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தையே கறுப்பாக்கியது. இரண்டு முறையும் ஊர் பார்த்தது கரையில் ஒதுங்கியதையும் மேலே மிதந்ததையும்தான். அடியில் படிந்தது டிவியில் வராது. முன்பு அங்கே என்ன இருந்தது என்பதற்குப் படமோ பதிவோ மீனவர் கையில் இல்லாவிட்டால், "ஒன்றும் கெட்டுப்போகவில்லை" என்று யாரும் சொல்லிவிடலாம். நஷ்டஈடு கேட்கும் மீனவரிடம் இருப்பது அவர் ஞாபகம் மட்டும்தான். ஞாபகத்தை எந்த அலுவலகமும் கோப்பில் சேர்ப்பதில்லை.

இதற்கு வழி திருவனந்தபுரத்தில் இருக்கிறது. அங்கே ராபர்ட் பனிப்பிள்ளை என்பவர், மீனவக் குடும்பத்தில் பிறந்தவர், 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப்' என்ற அமைப்பின் மூலம் ஸ்கூபா டைவர்களோடு சேர்ந்து கடலடிப் பாறைத் திட்டுகளைப் பதிவு செய்து வருகிறார். இத்திட்டுகளை அங்குள்ள மீனவர்கள் 'பார்' என்கிறார்கள். நம்மூர்ச் சொல்லும் அதுவே. தூத்துக்குடியில் முத்துக் குளித்த இடங்களும் முத்துப் பார்கள்தான் (அங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ல்). எந்தப் பார் எங்கே, எதில் எந்த மீன் என்பது பெரியவர்களுக்கு மனப்பாடம். கேமரா அதைச் சாட்சியமாக மாற்றுகிறது. விஷயம் அவ்வளவுதான்.

பழவேற்காட்டிலும் காட்டுப்பள்ளியிலும் இதைச் செய்ய வெளியூர் டைவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து போனால் போதாது. கடலோர கிராமத்து இளைஞர்களே பயிற்சி பெற வேண்டும். 18 மீட்டர் ஆழம் வரை இறங்குவதற்கான அடிப்படைப் பயிற்சி மூன்று நான்கு நாளில் முடிகிற சமாச்சாரம். கலங்கலில் பாதுகாப்பாக வேலை செய்யவும் வலை அறுக்கவும் மேலும் பழக வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் சென்னை, புதுச்சேரி டைவர்கள் தேவை.

பணம்? 2013ம் வருட கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். துறைமுகமும் தொழிற்சாலையும் இத்தனை இருக்கிற மாவட்டத்தில் இதற்குப் பஞ்சமா? பீச் கிளீனிங் என்று டி-ஷர்ட் கொடுத்து போட்டோ எடுக்கிற செலவில் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினால் சிலிண்டரும் பயிற்சியும் வந்துவிடும். ஒரே ஒரு நிபந்தனை: எடுத்த படங்கள் ஊரிடம்தான் இருக்க வேண்டும், பணம் கொடுத்தவரின் ஆண்டறிக்கையில் மட்டும் அல்ல. கம்பெனிக்குப் பிடிக்காத படமும் அதில் வரும், வரத்தான் செய்யும். அதற்குச் சம்மதிக்காத பணம் வேண்டவே வேண்டாம்.

"மீனவர்களிடம் கொடுத்தால் ஒழுங்காக நடத்துவார்களா?" என்று சிலர் கேட்கலாம். பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடலாம் என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். தலைமுறைகளாக நடக்கிறது. ஏரியையே முறை வைத்துப் பங்கிடத் தெரிந்தவர்களுக்கு நாலு சிலிண்டரைப் பங்கிடுவதா கஷ்டம்?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். விசைப்படகில் வேலை பார்க்கும் இளைஞர்கள் அப்போது கரையில்தான் இருப்பார்கள். முதல் வகுப்பை அந்த நாட்களிலேயே வைக்கலாம்.