வெடிச் சத்தம் கேளாத ஊர்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் 5-ஆம் தேதி வந்துவிட்டால் நமது பள்ளிக்கூடங்களில் ஓர் உற்சவம் நடைபெறுகிறது. உலகச் சுற்றுச்சூழல் தினமாக 1973-ஆம் ஆண்டு முதல் கொண்டாடப்பட்டு வரும் நாள் அது. விருந்தினர் ஒருவர் வருகிறார், முன்னமே தோண்டி வைத்த குழியில் ஒரு கன்றை இறக்குகிறார், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், புகைப்படம் எடுக்கப்படுகிறது. கட்டுரைப் போட்டியில் பரிசு பெற்ற சிறுமி மரங்களின் மகிமையை மடமடவென்று ஒப்புவிக்கிறாள். பிறகு மணி அடிக்கிறது. ஆடி மாதத்துக் காற்றில் அந்தக் கன்று என்ன ஆயிற்று என்று கேட்பாரில்லை. அடுத்த வருஷம் அதே குழி மறுபடியும் உதவுகிற பள்ளிகளும் உண்டு என்பதை உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் நாம் நன்கு அறிவோம்.

இந்தத் தேசத்தில் நல்ல நோக்கத்துக்குக் குறைவில்லை. 1950-ஆம் ஆண்டில் மத்திய சர்க்காரின் உணவு, விவசாய மந்திரியாக இருந்த கே. எம். முன்ஷி வன மகோத்ஸவத்தைத் தொடங்கி வைத்தார். 1976-ஆம் ஆண்டில் பிரஜைகளின் கடமைகளை அரசியல் சட்டத்தில் சேர்த்தபோது, காடுகளையும் ஏரிகளையும் ஆறுகளையும் வன ஜீவராசிகளையும் காப்பதும், உயிர்களிடத்தில் கருணை காட்டுவதும் அவற்றுள் ஒன்றாக இடம் பெற்றன. பள்ளிகளில் இது கட்டாயமாகக் கற்பிக்கப்பட வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 1991-ஆம் ஆண்டில் வற்புறுத்தியது. ஆகவே விழா இருக்கிறது; சட்டம் இருக்கிறது; பாடப் புத்தகமும் இருக்கிறது. நம் வீட்டுக் குழந்தைகளின் உள்ளத்தில் அன்பு பிறந்திருக்கிறதா என்று மட்டும் தெரியவில்லை.

அந்த அன்பு எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிய, சிவகங்கை ஜில்லாவில் திருப்பத்தூருக்கு அருகே உள்ள கொள்ளுகுடிப்பட்டிக்குப் போவோம். அங்கே பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடி ஆகிய மூன்று கண்மாய்கள் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து 1977-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. மொத்தப் பரப்பு 40 ஹெக்டேருக்கும் குறைவு. வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாயில் தண்ணீர் சேர்ந்ததும், நத்தைகொத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கொக்கும் வக்காவும் வந்து, நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. தண்ணீர் சூழ்ந்த மரமே அவற்றுக்கு அகழி சூழ்ந்த கோட்டை. பூனையும் நாயும் அங்கே எளிதில் அணுக முடியாது.

இந்தப் பருவமும் தீபாவளியும் ஏறக்குறைய ஒன்றாக வருவதுதான் சங்கடம். கூட்டில் அடைகாக்கும் பறவை ஓர் அணுகுண்டு வெடியின் ஓசை கேட்டால் திடுக்கிட்டு எழுந்து பறந்துவிடும். அது திரும்புவதற்குள் காக்கை முட்டையைக் கொண்டுபோகும். இறகு முளைக்காத குஞ்சு வெயிலிலும் மழையிலும் வாடும். ஓரிடத்தில் அமைதி இல்லை என்று கண்டால் பறவைக் கூட்டம் அங்கே தங்காமலே போய்விடவும் கூடும். இதை உணர்ந்து, பல பத்தாண்டுகளாக அவ்வூர் மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. வனத்துறையினர் அவர்களுடைய தியாகத்தைப் பாராட்டி இனிப்பு வழங்கும் வழக்கமும் ஏற்பட்டிருக்கிறது.

'குழந்தைகளின் சந்தோஷத்தைப் பறிக்கலாமா?' என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏழு வயதுப் பையனுக்குப் பட்டாசு இல்லாத தீபாவளி எளிய காரியம் அன்று. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அவ்வூரில் பையனை மட்டும் கட்டுப்படுத்திவிட்டுப் பெரியவர்கள் தம் இஷ்டப்படி நடப்பதில்லை. தகப்பனார் வெடிப்பதில்லை, பாட்டனாரும் வெடிக்கவில்லை. கூட்டில் இருக்கும் குஞ்சுகளைப் பையன் தினந்தோறும் பள்ளிக்குப் போகும் வழியிலேயே பார்க்கிறான். அவை நம் ஊருக்குப் பிள்ளைப்பேற்றுக்கு வந்த விருந்தாளிகள் என்பதை அவனுக்கு யாரும் பிரசங்கம் செய்து விளக்க வேண்டியதில்லை. பிறந்த வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த அக்காள் உறங்கும்போது யாராவது தாழ்வாரத்தில் தகர டப்பாவைத் தட்டுவார்களா?

செங்கற்பட்டு ஜில்லாவில் உள்ள வேடந்தாங்கலின் சரித்திரம் இன்னும் பழமையானது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காப்பதற்கான உத்தரவைப் பெற்றார்கள். கம்பெனி ஆட்சி நடந்த காலம். துப்பாக்கியோ அந்நியர் கையில். அத்தகைய நாளிலும் குடியானவர்கள் பேசத் துணிந்தது தங்களுக்காக மட்டும் அன்று, வாயில்லாப் பறவைகளுக்காகவும்தான். சர்க்கார் அவ்வேரியைச் சரணாலயமாக ஏற்றுக்கொண்டது 1936-ஆம் ஆண்டில். ராம்சார் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் பெற்ற நீர்நிலைகளின் பட்டியலில் அது சேர்ந்தது 2022-ஆம் ஆண்டில். குடியானவர்களின் காவலோ இவ்விரண்டுக்கும் வெகு காலம் முந்தியது.

அந்தக் காவலில் சுயநலமும் உண்டு. பறவைகளின் எச்சம் ஏரி நீரில் விழுகிறது. அந்த நீர் வயலுக்கு எருவாகப் பாய்கிறது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. பறவைக்கு இடம் தந்தால் நெல்லுக்கு உரம் கிடைக்கிறது என்ற கணக்கு நல்ல கணக்கே. உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்கின்றன என்ற பெரிய பாடத்துக்கு அது முதல் வாய்ப்பாடு.

நம்மில் பலர் பட்டணங்களில் வாழ்கிறோம். வீட்டருகே நாரை கூடு கட்டும் பாக்கியம் எல்லோருக்கும் இல்லை. ஆயினும் ஒரு வேப்பமரமாவது இல்லாத தெரு அபூர்வம். குழந்தைக்கு அந்த ஒரு மரத்தை ஒரு வருஷத்துக்குச் சொந்தமாக்கிக் கொடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மாசியில் பழுத்த இலை உதிர்வதையும், செந்தளிர் விடுவதையும், சித்திரை வாக்கில் பூ உதிர்ந்து வாசல் வெளுப்பதையும் தேதியிட்டு எழுதட்டும். காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடும் திருட்டையும், இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைக்கும் தையற்சிட்டின் கைவேலையையும் தானே கண்டுபிடிக்கட்டும். நாம் பரீக்ஷை வைக்க வேண்டாம். மதிப்பெண் போடவும் வேண்டாம். குழந்தை கேள்வி கேட்கும்போது நமக்கு விடை தெரியாவிட்டால், 'வா, சேர்ந்து பார்ப்போம்' என்று சொன்னால் போதும்.

இப்படிப் பழகிய குழந்தைக்கு, எந்தக் கன்றை எங்கே நடுவது என்ற விவேகமும் தானே வரும். அந்த விவேகம் இல்லாத ஆர்வத்தால் என்ன விளையும் என்பதற்கு, விறகுக்கு உதவும் என்று எண்ணி வரவழைத்த சீமைக் கருவேலம் நம் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்பதே சாட்சி.

பனி உருகுகிறது, கடல் பொங்குகிறது, உலகம் அழியப்போகிறது என்று சிறு பிள்ளைகளை முதல் வகுப்பிலேயே நடுங்க வைப்பது நமக்கு உசிதமாகத் தோன்றவில்லை. அச்செய்திகள் உண்மையே, அவற்றைத் தாங்கும் வயது வரும்போது அவர்கள் அவசியம் கற்கட்டும். அதற்குமுன், காக்க விரும்பும் பொருள் ஒன்று அவர்களுக்கு இருக்க வேண்டும் அல்லவா?

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையிடம் எதையேனும் விடச் சொல்லுமுன், அவர்கள் எதிரில் நாம் ஒன்றை விட்டுக் காட்டுவோம். கடைக்குப் போகையில் துணிப்பையை எடுத்துக்கொள்வது, வீட்டுக் குப்பையைக் குளத்தங்கரையில் கொட்டாதிருப்பது, கூடு உள்ள கிளையை வெட்ட ஆள் வந்தால் குஞ்சு பறக்கும் வரை பொறுக்கச் சொல்வது – இவற்றில் எது முடிகிறதோ அதைச் செய்யலாம். கொள்ளுகுடிப்பட்டியிலும் முதலில் தீப்பெட்டியைக் கீழே வைத்தவர்கள் பெரியவர்கள்தாம்.