ஏரி நிலவரம் பார்ப்பது கவலை... இன்சுலினை எடுத்துவைப்பது திட்டம்!

அக்டோபர் பிறந்துவிட்டால் போதும். சென்னையில் பல குடும்பங்களின் வாட்ஸ்அப் குரூப்களில் 'குட் மார்னிங்' படங்கள் குறைந்து, செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம் வர ஆரம்பித்துவிடும். "மொத்தம் 24 அடி. இப்போ எவ்வளவு?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் பதில் போடுவார். மூன்றாமவர், எந்த வருடம் எடுத்தது என்றே தெரியாத ஒரு வெள்ள வீடியோவை அனுப்புவார். நள்ளிரவு வரை இது ஓடும்.

பயப்படுவதில் தப்பே இல்லை. தமிழகத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மிதந்ததையும் பார்த்தவர்களுக்கு வானம் இருட்டினாலே வயிறு கலங்கத்தான் செய்யும். அந்தப் பயம் நம்மை என்ன செய்ய வைக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

என் பெரியம்மா வீடு வேளச்சேரியில், தரைத்தளத்தில். பெரியப்பாவுக்கு தினமும் இன்சுலின் போட வேண்டும். ஒரு மழை எச்சரிக்கையின்போது, இரண்டு ராத்திரி தூங்காமல் ஏரி நிலவரம் பார்த்துக்கொண்டிருந்தார் பெரியம்மா. "ரெண்டு நாள் கரன்ட் இல்லைன்னா பெரியப்பாவோட இன்சுலினை எங்க வைப்பீங்க பெரியம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதை யோசிக்கவே இல்லையே கண்ணு" என்றார்.

இரண்டு நாள் யோசித்தவர்தான். ஆனால், அந்த யோசனை ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்தது: 'என்ன ஆகுமோ?' கவலை என்பது இதுதான். திட்டம் வேறு கேள்வி கேட்கும்: 'இது நடந்தால் யார், எப்போது, என்ன செய்வது?' அதற்குப் பதில் கிடைத்ததும் யோசனை முடிந்துவிடும். முடியாமல் ஓடிக்கொண்டே இருந்தால் அது திட்டம் இல்லை.

கவலையைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக். கவலையும் ஒரு பிரச்னையைத் தீர்க்க மனம் செய்யும் முயற்சிதான் என்று 1983-ல் அவரும் சக ஆய்வாளர்களும் விளக்கினார்கள். அதனால்தான் கவலைப்படும்போது ஏதோ வேலை செய்துகொண்டிருப்பது போலவே நமக்குத் தோன்றுகிறது. உடம்பும் களைத்துப்போகிறது. ஆனால், பிரச்னை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அன்று பெரியம்மாவும் நானும் ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அரை மணி நேரம்தான் ஆனது.

இன்சுலின்: பெரும்பாலான வகைகளில், பிரித்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலினை சுமார் நான்கு வாரம் வரை ஃபிரிட்ஜுக்கு வெளியே, வெயில் படாத, சூடில்லாத இடத்தில் வைக்கலாம். உங்களுடைய மருந்துக்கு எத்தனை நாள் என்பதை மருந்துக்கடையிலோ டாக்டரிடமோ முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிரிக்காதவற்றைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைக்கலாம். ஐஸ்கட்டி மேல் நேராக வைக்கக் கூடாது. உறைந்துபோன இன்சுலின் உதவாது.

பத்திரங்கள்: வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, இன்சூரன்ஸ் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில், பரண் மேல். ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவை டிஜிலாக்கரில்.

வண்டி: தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் ஏற்படும் சேதத்துக்கு, அதற்கென்று தனியாகச் சேர்க்கும் 'இன்ஜின் புரொடெக்ட்' இல்லாமல் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கிடைக்காது. பாலிசியைப் புதுப்பிக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

எப்போது கிளம்புவது: 'தெருமுனையில் தண்ணீர் கணுக்கால் அளவு வந்தால், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இரண்டாவது மாடி வீட்டுக்குப் போய்விடுவது.' மாடி வீட்டுக்காரரிடம் அன்றே போனில் பேசியாகிவிட்டது.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். 'இப்படி நடந்தால், இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள், 'பார்த்துக்கலாம்' என்று விடுபவர்களைவிட நினைத்ததைச் செய்துமுடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தண்ணீர் வாசலுக்கு வந்த பதற்றத்தில், போகலாமா இருக்கலாமா என்று வீட்டில் வாக்குவாதம் நடத்த வேண்டியதில்லை.

ஏரியின் மதகை எப்போது திறப்பார்கள் என்பது எங்கள் பேப்பரில் இல்லை. அது பெரியம்மாவின் கையிலும் இல்லை. அறிவிப்பு வரும்போது தெரிந்துகொண்டால் போதும்.

2024 அக்டோபரில் சென்னைக்கு சிவப்பு எச்சரிக்கை வந்தபோது, வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள், ஞாபகம் இருக்கிறதா? பயந்த அளவுக்கு அந்த 16-ம் தேதி மழை கொட்டவில்லை. சமூக வலைதளங்களில் கிண்டல் பறந்தது. ஆனால், அவர்களுக்கு என்ன நஷ்டம்? காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான். நினைத்தது நடக்காவிட்டாலும் திட்டத்தால் பெரிய இழப்பு இல்லை. கவலை அப்படியல்ல. மழை வந்தாலும் வராவிட்டாலும் தூக்கம் போனது போனதுதான்.

திட்டம் போட்ட பிறகும் மனம் சும்மா இருக்காது. அதற்கும் போர்கோவெக் குழு ஒரு வழி சொன்னது. கவலைப்படுவதற்கென்றே தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால், 'சாயந்தரம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவையுங்கள். அதைப் படுக்கப்போகும் நேரமாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மாதக்கணக்கில் கவலை விடாமல் துரத்தி, தூக்கமும் வேலையும் கெட்டுப்போனால், டாக்டரைப் பார்க்கத் தயங்க வேண்டாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

மழைக்கு மட்டுமல்ல, பிள்ளையின் பரீட்சை, மகளின் கல்யாணம், அப்பாவின் ஆபரேஷன் என எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். இன்று ராத்திரி ஏதாவது ஒன்று உங்களைத் தூங்கவிடாமல் செய்தால், எழுந்து லைட்டைப் போட்டு, அதற்காக நாளைக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு வேலையை எழுதுங்கள். யார் செய்வது, எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எழுத எதுவுமே இல்லையென்றால், அது இன்று ராத்திரி உங்கள் வேலை இல்லை. லைட்டை அணைத்துவிட்டுப் படுங்கள்.