தட்டை வாங்கினால் போதுமா, சாப்பிட வேண்டாமா?



இந்தப் பக்கத்தில் பலகாரக் குறிப்பு எழுதும் சகோதரிகள் பலர், "செய்து அக்கம்பக்கத்துக்கும் கொடுங்கள், பாராட்டு நிச்சயம்" என்று முடிப்பார்கள். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஒரு கேள்வி. நாம் கொடுப்பதை அவர்கள் சாப்பிட்டுப் பாராட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமே, அவர்கள் கொடுப்பதை நாம் சாப்பிடுகிறோமா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். மற்றவர்களைக் கேட்கும் முன்னால் என் கதையைச் சொல்லி விடுகிறேன்.

நாங்கள் கோவையில் ஒரு அபார்ட்மெண்டில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். ஒரு பெண், ஒரு பையன். எங்கள் எதிர் வீட்டில் இருப்பவர்கள் முஸ்லிம் குடும்பம். அந்த அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம் இருக்கும். நாங்கள் குடிவந்த முதல் வருஷத்திலிருந்தே நோன்பு மாதத்தில் ஒரு நாளாவது கஞ்சி வரும். பெருநாளுக்குத் தட்டு வரும். நானும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கொடுப்பேன். தட்டு போகும், தட்டு வரும், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. மார்ச் கடைசியிலிருந்து பட்டறை மூடிக் கிடந்தது. வீட்டில் எல்லாரும் ஒரே இடத்தில் அடைந்து கிடந்தோம், எந்நேரமும் டிவியும் போனும்தான். யாரால் நோய் பரவுகிறது என்று அப்போது யார் மேல் பழி போட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் நானும் நம்பினேன். பத்தாவது வரை படித்தவள்தான், யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் நோன்பு தொடங்கியது. பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்ச முடியாத வருஷம் அது. அந்த அக்கா வீட்டிலேயே காய்ச்சி, ஒரு தூக்குவாளியில் கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு சொன்னார்: "உங்க வீட்டுக்குன்னு கறி சேர்க்காம தனியா எடுத்தேன்மா. சூடா இருக்கு, குழந்தைகளுக்குக் குடு."

நான் சிரித்துக்கொண்டே வாங்கினேன். கதவைச் சாத்தினேன். என் மாமியார், "எதுக்கு வம்பு, கொட்டிரு" என்றார். அவர் சொன்னதால் கொட்டினேன் என்று சொன்னால் அது பொய். அவர் சொல்லாவிட்டாலும் கொட்டியிருப்பேன். அரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், புதினா எல்லாம் போட்டு, பசியோடு நோன்பிருந்துகொண்டே ஒரு பெண் நமக்காகத் தனியாகக் காய்ச்சிய கஞ்சியைக் குப்பை வாளியில் ஊற்றினேன். சாயங்காலம் அந்த வாளியை வாசலில் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர்கள் பெண் தூக்குவாளியைக் கேட்டு வந்தாள். அப்போது பிளஸ் ஒன் படித்தாள். அடுத்த வீட்டுக்குக் கொடுக்கப் பாத்திரம் வேணுமாம். நான் கழுவி எடுத்து வருவதற்குள் அவள் வாசலில் இருந்த வாளியைப் பார்த்துவிட்டாள். எல்லாம் மேலாகத்தான் கிடந்தது. என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். "தாங்க்ஸ் ஆன்ட்டி" என்று சொல்லிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த தாங்க்ஸ் இன்றைக்கும் எனக்குக் காதில் கேட்கிறது.

சூடான கஞ்சியைக் குடித்து யாருக்கும் கொரோனா வந்ததாக எந்த டாக்டரும் சொல்லவில்லை. நான் நோய்க்குப் பயப்படவில்லை என்பது எனக்கே தெரியும். வேறு எதற்கோ பயந்தேன், அல்லது வேறு எதையோ வெறுத்தேன். எது என்றாலும் பெருமைப்பட ஒன்றுமில்லை.

2021-ல் கஞ்சி வரவில்லை. 2022-லும் வரவில்லை. படிக்கட்டில் பார்த்தால் அந்த அக்கா சிரிப்பார், "சாப்பிட்டாச்சா?" என்பார், அவ்வளவுதான். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. தட்டு மட்டும் நின்றுபோனது. பண்டிகை நாளில் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் பூப்படம் போட்டு வாழ்த்து அனுப்பிக்கொள்வோம். பத்தடி தூரத்தில் இருக்கும் கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

2023 காலாண்டு லீவில் கோபிக்குப் போயிருந்தோம். என் அம்மா ஒரு பெரிய அரசாணிக்காயைச் சாக்குப்பையில் கட்டிக் கொடுத்துவிட்டார். (எங்கள் பக்கம் அரசாணிக்காய் என்போம், தஞ்சாவூர்க்காரர்கள் பரங்கிக்காய் என்பார்கள், சிலர் மஞ்சள் பூசணி என்பார்கள், எல்லாம் ஒன்றுதான்.) அறுத்த காயை எத்தனை நாள் வைப்பது? பொரியல் செய்தேன், கூட்டு வைத்தேன், புளிக்குழம்பில் போட்டேன். நான்காம் நாள் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டார்கள். அப்போது ஒன்பதாவது படித்த என் பெண்தான் போனில் பார்த்துவிட்டு, "அம்மா, இதுல பிஸ்கட் சுடலாம்" என்றாள்.

செய்முறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். காயைத் தோல் சீவி, ஆவியில் வேகவைத்து மசித்து, வாணலியில் தண்ணீர் வற்றும் வரை கிளறி அரை கப் எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் வெண்ணெயும் முக்கால் கப் நாட்டுச் சர்க்கரையும் நன்றாகக் குழைத்து, ஆறிய விழுதைச் சேர்க்க வேண்டும். இரண்டு கப் கோதுமை மாவு, கால் டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு, சுக்குப்பொடி, ஏலக்காய்ப்பொடி சலித்துப் போட்டுப் பிசையுங்கள். முட்டை வேண்டாம். நெல்லிக்காய் அளவு உருட்டித் தட்ட வேண்டும். ஓவன் எங்கள் வீட்டில் இல்லை. அடிகனமான பழைய வாணலியில் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடிப் பத்து நிமிஷம் காய விட்டு, பிறகு நெய் தடவிய தட்டில் அடுக்கி உள்ளே வைத்துச் சிறு தீயில் இருபது, இருபத்தைந்து நிமிஷம் சுட்டேன். முதல் ஈடு அடியில் கருகிவிட்டது. தீ அதிகம். இரண்டாவது ஈட்டிலிருந்து நன்றாக வந்தது. கடை பிஸ்கட் மாதிரி மொறுமொறுவென்று இருக்காது, மெத்தென்று இருக்கும். காயின் ஈரம் இருப்பதால் இரண்டு நாளுக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள்.

தெருவுக்குத் தெரு பேக்கரி இருக்கிற கோயம்புத்தூரில் இரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்று பிஸ்கட் சுட வேண்டுமா என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். கருகியது போக இருபத்திநாலு தேறியது. கீழ் வீட்டுக்கு ஆறு, பக்கத்து வீட்டுக்கு ஆறு என்று என் பெண் எடுத்து வைத்தாள். பிறகு, "எதிர் வீட்டுக்கும்மா?" என்று கேட்டாள். குழந்தை சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் கை நடுங்கியது.

நானே எடுத்துக்கொண்டு போனேன். அந்த அக்கா கதவைத் திறந்தார். மூன்று வருஷத்துக்கு மேலாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "அக்கா, அன்னிக்குக் கஞ்சியை நான் கொட்டினேன். பாப்பா பார்த்துட்டா. தப்பு பண்ணிட்டேன்" என்று மட்டும்தான் வந்தது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தெரியும்மா. அவ வந்து சொன்னா. அன்னிக்கு நோன்பு திறக்கக்கூட மனசில்லை எனக்கு" என்றார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். பிறகு தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, வாசற்படியிலேயே நின்று முழுசாகச் சாப்பிட்டார். "முட்டை போடலியா? சுக்கு வாசனை நல்லா இருக்கு" என்றார்.

அங்கேதான் சகோதரிகளே எனக்குப் புரிந்தது. நான் அவருக்குச் செய்யாததை அவர் எனக்குச் செய்தார். இரண்டு மணி நேரம் நின்று சுட்டது பெரிய காரியமே இல்லை. என்னிடமிருந்து வாங்கி, என் கண் முன்னால் வாயில் போட்டாரே, அதுதான் பெரிய காரியம்.

நாலு நாள் கழித்து என் தட்டு திரும்பி வந்தது. வெறும் தட்டாக அனுப்பக் கூடாது என்பது அவர்கள் வீட்டிலும் வழக்கம்தான். பேரீச்சம்பழம் வைத்து அனுப்பியிருந்தார். மாமியார் முன்னாலேயே எடுத்துச் சாப்பிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. 2024 நோன்புக்குக் கஞ்சியும் வந்தது, நாங்கள் நால்வரும் குடித்தோம். ஆனால் அந்தப் பெண் இன்னும் எங்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை. படிக்கட்டில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. காத்திருக்கிறேன்.

சகோதரிகளே, இப்படிச் செய்தது நான் ஒருத்தி மட்டும்தானா? எத்தனை வீடுகளில் பக்கத்து வீட்டுத் தட்டைச் சிரித்த முகத்தோடு வாங்கி, வீட்டு வேலை செய்யும் அம்மாவிடமோ வாட்ச்மேனிடமோ அப்படியே தள்ளிவிடுகிறோம்! வேறு மதம், வேறு ஜாதி, "என்ன போட்டாங்களோ, எப்படிச் செஞ்சாங்களோ" என்று ஒரு சாக்கு. நாம் வாயில் வைக்க யோசிக்கிறதை வேலைக்காரம்மாவுக்குக் கொடுத்துப் புண்ணியம் தேடுவது இன்னொரு பாவம். அவர்களுக்குக் கொடுப்பதானால் நாம் சாப்பிடுவதிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.

சாப்பிட முடியாத காரணம் இருக்கலாம். அசைவம் சாப்பிடாத வீடு, சர்க்கரை நோய், விரத நாள், குழந்தைக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்று எத்தனையோ இருக்கிறது. அதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் கோபப்பட மாட்டார்கள். அடுத்த தடவை அதற்குத் தகுந்த மாதிரி செய்து தருவார்கள். எதிர் வீட்டு அக்கா நான் கேட்காமலே கறி சேர்க்காமல் எடுத்து வைத்தாரே! கொடுக்கிறவர்களும் முட்டை இருக்கிறதா, கடலை இருக்கிறதா என்று சொல்லிக் கொடுப்பது நல்லது. நாட்டுச் சர்க்கரைதானே என்று சர்க்கரை நோயாளிகளை வற்புறுத்தாதீர்கள், அதுவும் சர்க்கரைதான்.

இன்னொன்று. பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, "திருப்பித் தர வேண்டாம்" என்று கொடுக்காதீர்கள். பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டில் கொடுங்கள். தட்டு திரும்பி வர வேண்டும். அது வருகிற சாக்கில் ஒரு கதவு திறக்கும், இரண்டு வார்த்தை பேசுவோம். ராத்திரி ஒரு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வாட்ஸ்அப் குரூப்பா வந்து நிற்கும்? அந்தக் கதவுதான்.

பிஸ்கட் சுடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை சகோதரிகளே. அடுத்த தடவை யாராவது தட்டு நீட்டினால் வாங்கி, அவர்கள் எதிரிலேயே ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். கொடுப்பது சுலபம், வாங்கிச் சாப்பிடத்தான் மனசு வேண்டும். இது என் தாழ்மையான கருத்து. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

— ஒரு வாசகி, கோவை.