பூசும் முன்னே தேய்க்கவேண்டும்!

கடன் வாங்கிக் கார் வாங்குகிறவர்கள் பலர். தவணை கட்டி முடிப்பதற்குள் காரின் நிறம் மங்கிவிட்டால் மனம் பொறுக்குமா? அதனால்தான் "செராமிக் கோட்டிங்" என்ற பலகையைக் கண்டதும் கால்கள் தாமாக நின்றுவிடுகின்றன.

"ஒருமுறை பூசினால் போதும். பல ஆண்டுகளுக்குக் கவலை இல்லை!" என்கிறார் கடைக்காரர். பல ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது.

பூச்சு நல்லதுதான். வெயிலையும் பறவை எச்சத்தையும் அது ஓரளவு தாங்கும். மழைத்தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். ஆனால் அது கண்ணாடி போன்றது. அடியில் என்ன இருக்கிறதோ, அதைத்தான் காட்டும்! கீறல் இருந்தால் கீறல் தெரியும். கறை இருந்தால் கறையையும் சேர்த்து மூடிவிடும். பிறகு அந்தக் கறையை எடுக்கவேண்டுமானால், பூச்சையே தேய்த்து எடுக்கவேண்டும். கொடுத்த பணம் வீண்!

வீட்டில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஈயம் பூசுகிறவர் வந்ததுமே ஈயத்தைக் கையில் எடுக்கமாட்டார். பாத்திரத்துக்குள் மணலைப் போட்டு, காலால் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார். களிம்பு போகும். பிறகு நெருப்பில் காட்டி, நவச்சாரம் தூவித் துடைப்பார். அதற்குப் பிறகுதான் ஈயம். பூசுவது நொடி வேலை. தேய்ப்பதுதான் பெரிய வேலை. அவர் வாங்கிய கூலி அந்தத் தேய்ப்புக்குத்தான்!

காருக்கும் அதே நியாயம்தான். பூச்சு எந்த நாட்டுச் சரக்கு என்று கேட்பதைவிட, "பூசுவதற்கு முன் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

கழுவித் துடைத்த காரின் மேல் ஒரு சோதனை செய்து பாருங்கள். கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, மெதுவாகத் தடவுங்கள். பல கார்களில் சொரசொரவென்று இருக்கும்!

பிரேக் தேயும்போது பறக்கும் இரும்புத் தூள், ரெயில் பாதைப் பக்கம் பறக்கும் தூள், ரோட்டுத் தார், மரத்துப் பிசின் எல்லாம் பெயிண்டில் ஒட்டிக்கொள்கின்றன. சோப்புத் தண்ணீருக்கு இவை அசையா. இரும்புத் தூள் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளியாகும். இதற்கென்று ஒரு திரவம் இருக்கிறது. தெளித்தால், இரும்பு உள்ள இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். வெள்ளைக் கார் என்றால் பார்க்கவே பயமாக இருக்கும்! நாற்றமும் சேர்ந்து வரும்.

மிச்சத்தை எடுப்பது களிமண் போன்ற ஒரு கட்டி. வழவழப்பான திரவத்தைத் தெளித்து, அதன்மேல் இந்தக் கட்டியை அழுத்தாமல் ஓட்டவேண்டும். கட்டி தரையில் விழுந்துவிட்டால் எறிந்துவிடவேண்டியதுதான். ஒட்டிய மண் காரைக் கீறிவிடும்.

"புதுக் காருக்கு எதற்கு இதெல்லாம்?" என்று சிலர் கேட்பார்கள். புதுக் காரும் திறந்தவெளியில் நின்று, லாரியிலோ ரெயிலிலோ பயணம் செய்து வந்ததுதானே!

தலைமுடியைவிட மெல்லியது

இக்காலக் கார்களில் நிறத்தின் மேல் நிறமற்ற ஒரு படலம் இருக்கிறது. பளபளப்பு அதில்தான். அதன் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். 1 மில்லிமீட்டர் என்பது 1000 மைக்ரான். தலைமுடியைவிட மெல்லிய தோல் அது!

மெஷின் வைத்து மெருகேற்றும்போது கீறல் எப்படி மறைகிறது? இந்தத் தோலைச் சிறிது தேய்த்து எடுப்பதால்தான். எடுத்தது திரும்பி வராது. தோல் தேய்ந்துபோனால், வெயில் நேரே நிறத்தைத் தாக்கும். பிறகு புதிதாகப் பெயிண்ட் அடிக்கவேண்டியதுதான். ஆகவே, மெஷினைத் தொடுமுன் கனம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணக் கருவி உலோகத் தகட்டில் மட்டும் வேலை செய்யும். பிளாஸ்டிக் பம்பரில் செய்யாது. முதலில் ஒரு சிறு இடத்தில், மென்மையான மருந்தைப் போட்டுப் பார்ப்பவரே நல்ல தொழிலாளி. நகம் தட்டும் அளவுக்கு ஆழமான கீறலை விட்டுவிடுவதே மேல்.

வெயிலில் தெரியும் வட்டவட்டக் கீறல்கள் எங்கிருந்து வந்தன? தினமும் காலையில் உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்ததில் வந்தவை! தூசியில் மணல் இருக்கிறது. துடைப்பவரைத் திட்டுவதில் நியாயமில்லை. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பழைய பனியனும் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? இரண்டு வாளி கொடுங்கள். ஒன்று சோப்புக்கு, ஒன்று துணியை அலச. மெத்தென்ற துணியும் கொடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால், காய்வதற்குள் துடைக்கவேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் படியும்.

மெருகேற்றிய பிறகு ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைப்பது அவசியம். மெருகு மருந்தின் எண்ணெய் கீறல்களில் நிரம்பி, அவற்றை மறைத்திருக்கும். எண்ணெய் மேல் பூச்சும் பிடிக்காது. சில கடைகளில் இந்த வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

"9எச் கடினம், கல்லே படாது!" என்ற பேச்சையும் நம்பவேண்டாம். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் கணக்கு. வைரத்தின் கணக்கு அல்ல. சாவி பட்டால் கீறும்.

கையில் பணம் குறைவா? சுத்தம் செய்யும் வேலையை மட்டும் நன்றாகச் செய்துகொண்டு, சாதாரண மெழுகு பூசுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பப் பூசவேண்டியிருக்கும், அவ்வளவுதான்.