ஃபார்மட் அடிப்பது ரிப்பேர் இல்லை

கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் கிளம்பாமல் நின்றால் "ஓ.எஸ். போயிடுச்சு, ஃபார்மட் அடிச்சிடலாம்" என்று சொல்வது வைத்தியம் இல்லை, சோம்பேறித்தனம்.

லினக்ஸில் பல புரோகிராம்கள் ஒரே லைப்ரரியைப் பங்கு போட்டுக்கொள்ளும். எந்த லைப்ரரி எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் தேடாமல் இருக்க, முன்கூட்டியே ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கும். அதுதான் கேஷ். உங்களில் பாதிப் பேரின் அப்பாக்கள் ஹார்பரில் வேலை பார்த்தவர்கள், அவர்களிடம் கேளுங்கள். எந்தக் கன்டெய்னர் எந்த வரிசையில் என்கிற கணக்கு தொலைந்தால் கன்டெய்னரையா கடலில் தள்ளுவார்கள்? கணக்கைத் திரும்ப எழுதுவார்கள்.

வழக்கமான ஃபோல்டரில் இருக்கிற லைப்ரரியைப் பட்டியல் இல்லாவிட்டாலும் சிஸ்டம் தேடி எடுத்துக்கொள்ளும். தனி ஃபோல்டரில் வைத்ததுதான் கிடைக்காது. டிஸ்கில் ஃபைல் பத்திரமாக இருக்கும், திரையோ "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்று சொல்லும். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள்.

பட்டியலைத் திரும்ப எழுத எல்டிகான்ஃபிக் என்று ஒரே கட்டளை. ரிகவரி மோடில் போய் அடிக்கலாம். அதுவும் வரவில்லையா, பென்டிரைவிலிருந்து வேறு லினக்ஸைக் கிளப்பி அங்கிருந்து அடிக்கலாம். அந்தக் கட்டளையை வேறு எந்த ஷேர்டு லைப்ரரியையும் நம்பாதபடி கட்டியிருக்கிறார்கள். வீடு இடிந்தாலும் கொத்தனார் வெளியே நிற்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள், புத்திசாலிகள்! சில சமயம் அப்டேட் நடுவில் கரண்ட் போய் லைப்ரரி ஃபைலே பாதியில் நிற்கும். அப்போது அந்த ஒரு பேக்கேஜை மட்டும் திரும்பப் போட்டால் போதும்.

கரண்ட் போவது நமக்குப் புதிதா? 2012-ல் சென்னையிலேயே தினம் 2 மணி நேர மின்வெட்டு. எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே இருட்டில் உட்கார்ந்திருந்த ஊர் நம்முடையது. அதற்கு முந்தைய வருஷம் வந்த விலையில்லா லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் சென்னை சி-டாக்கில், டெபியனை வைத்து உருவாக்கியது. எத்தனை பிள்ளைகள் அதை ஒரு தடவையாவது திறந்தீர்கள்? ஏதாவது ஒன்று நின்றதும் கடையில் கொடுத்தீர்கள், அவர்கள் முழுவதையும் அழித்துத் திருட்டு விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தார்கள்.

போன மாதம் என் தங்கை பேத்தியின் லேப்டாப்புக்கும் இதே கதி. கடை பெயர் வேண்டாம். நர்சிங் படிக்கிற பிள்ளை, மூன்று வருஷ நோட்ஸ் போயிற்று. கடைக்குக் கொடுக்கும் முன் அவள் திரையைப் போட்டோ எடுத்திருந்தாள். லைப்ரரி பெயர் முதற்கொண்டு எல்லாம் அந்த வரியில் இருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பயன்? ஐ.டி.யில் இருக்கிற என் பிள்ளைகளே, உங்களையும்தான் கேட்கிறேன். ஆபீஸ் சர்வர் நின்றால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கிறீர்கள். சொந்தக்காரர் போன் செய்தால் மட்டும் ஏன் "ஃபார்மட் பண்ணிடுங்க சித்தப்பா"?

இனி யார் வீட்டு மெஷின் நின்றாலும் திரையைப் போட்டோ எடுத்து இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்கள். திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் நேரிலேயே வரலாம், பென்டிரைவ் என்னிடம் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.